துண்டு இல்லை, இறக்கை

நான் வரைந்தது கொக்கு. இதை முதலிலேயே அடித்துச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து என்னைக் குழப்பக் கூடாது. தாமிரபரணிப் படித்துறையில், தண்ணீரைத் தொடும் கடைசிப் படிக்கு முந்தின படியில், கழுத்தை உடம்புக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு குருட்டுக் கொக்கு. மூன்றடிக்கு இரண்டடி கான்வாஸில் எண்ணெய் வண்ணம். இடையில் எனக்கே சந்தேகம் வந்த நாட்கள் உண்டு. ஆனாலும் அது கொக்குதான்.

பிழைப்புக்கு நான் வரைவது அருவி. குற்றாலம் பக்கத்து லாட்ஜ்களின் வரவேற்பறைகளில் விழுந்துகொண்டிருக்கும் அருவிகளில் பாதி என் கையால் விழுந்தவை. ஒரு லாட்ஜ் முதலாளி என் அருவியைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மான் போடும்வே" என்றார். போட்டேன். "மான் சும்மா நிக்குதே, பக்கத்துல ஒரு புலியப் போடும்."

"புலி வந்தா மான் நிக்காதே, அண்ணாச்சி."

"நம்ம லாட்ஜுக்கு வாரவுக எல்லாரும் ஒத்துமையா இருப்பாகன்னு தெரியாண்டாமா?"

புலியையும் போட்டேன். மானும் புலியும் ஒரே தண்ணீரில் வாய் வைத்தபடி இன்றைக்கும் அங்கேதான் நிற்கின்றன. கீழே என் கையெழுத்து வேறு. அந்தத் தெரு வழியாகப் போக நேர்ந்தால் தலையைக் குனிந்துகொண்டு போவேன்.

கொக்கு அப்படி இல்லை. அதை யாரும் கேட்கவில்லை. எனக்காக வரைந்தேன், மூன்று வருடம் வரைந்தேன். அந்தப் பறவை தினமும் விடியற்காலையில் அதே படிக்கு வரும். பேர்தான் குருட்டுக் கொக்கு, நேராகப் பார்த்தால் பறந்துவிடும். மூதி, எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்தாலும் நான் பார்க்கிறேன் என்பது அதற்குத் தெரிந்துவிடும். கடைசியில், கல்யாண வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரனைப் பார்ப்பதுபோலக் கடைக்கண்ணால் பார்க்கப் பழகினேன். ஆற்றையும் எதிர்க்கரைத் தென்னைகளையும் பார்த்துக்கொண்டே கொக்கை நோட்டில் கிறுக்குவேன். நோட்டில் கொக்கு கொக்காக இருக்கும். வீட்டு மாடியறைக்கு வந்து கான்வாஸில் வைத்தால் வாத்து ஆகிவிடும். சுரண்டி எடுப்பேன். மறுபடி வைப்பேன்.

எண்ணெய் வண்ணத்துக்கு அவசரம் ஆகாது. முதலில் டர்பன்டைன் கலந்து தண்ணியாக ஒரு பழுப்புப் பூச்சு. அதில் வெளிச்சம் விழும் இடத்தைத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். அது காய வேண்டும். அப்புறம் கல், அப்புறம் தண்ணீர், ஒவ்வொன்றும் காய வேண்டும். ஐப்பசி மழையில் எதுவும் காயாது. "சாம்பார்ல டர்பன்டைன் வாசம் அடிக்குது" என்று என் மனைவி கீழேயிருந்து கத்துவாள். ஒரு நாள் நல்ல பிரஷ்கள் எல்லாம் ஊறிக் கிடந்தன. தோசைக்கல்லில் எண்ணெய் தடவ அவள் எடுத்துப்போயிருந்த, மயிர் விரிந்து நாசமாய்ப்போன பிரஷ் ஒன்று கையில் அகப்பட்டது. சவம், இதுவாவது உதவட்டும் என்று வைத்தேன். ஏழெட்டு இழுப்பு. முதுகுக் கோடுகள் அப்படியே வந்துவிட்டன. பிரஷ்ஷைத் திருப்பிப் பின்கட்டையால் ஒரே கீறல், அலகு. உட்கார்ந்துவிட்டது கொக்கு! மாடியறையில் தனியாக நின்று கைதட்டினேன்.

அந்தச் சமயம் சென்னையில் பறவைப் படங்களுக்கு மட்டும் ஒரு கண்காட்சி வைப்பதாக இருந்தார்கள். என்னிடமும் ஒரு படம் கேட்டிருந்தார்கள். அருவிக்காரன் என்ற பெயர் என்னைவிட்டுப் போக அதுதான் வழி. ஒரே ஒரு பறவையைச் சரியாக வரைந்தவன் என்று நாலு பேர் சொன்னால் போதும், மிச்ச ஆயுளுக்கு மானும் புலியும் போட்டுக்கொண்டு கிடப்பேன் என்று நினைத்தேன்.

படத்தை அனுப்புமுன் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. காய்ந்த படத்தை வரைந்த இடத்துக்கே தூக்கிக்கொண்டு போய், அந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். கல்லின் நிறத்துக்கு நேரே கல்லை வைத்துப் பார்த்தால் பொய் தெரிந்துவிடும். வைகாசியில் ஒரு காலை, டவுண் பஸ்ஸில் கொக்கை மடியில் வைத்துக்கொண்டு போனேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "பெரியவரு யாரு, ஒங்க தாத்தாவா?" என்றார். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கூட்டத்தில் சரியாகப் பார்த்திருக்க மாட்டார் என்று விட்டுவிட்டேன்.

படித்துறையில் ஒரு குடும்பம் பதினாறாம் நாள் காரியம் செய்துகொண்டிருந்தது. மகன் ஐம்பது வயதுக்காரர், மின்வாரியத்தில் பொறியாளர் என்று பிற்பாடு தெரிந்தது. மகள் கணக்கு டீச்சர். இரண்டு பேரும் ஈரத்துணியோடு, இலையில் சோற்றை வைத்துவிட்டுக் காக்கைக்காகக் காத்திருந்தார்கள். அந்தப் படித்துறைக் காக்கைகள் கையிலிருக்கும் வடையைப் பிடுங்குகிற ஜாதி. அன்றைக்குப் பார்த்து ஒன்றையும் காணோம். மகன் "கா, கா" என்று தொண்டை கட்டுமட்டும் கூப்பிட்டார். "அப்பாவுக்கு என்ன குறையோ தெரியலையே" என்று மகள் அழ ஆரம்பித்தாள். புரோகிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவருக்குப் பத்து மணிக்கு இன்னொரு வீடு.

நான் மேல்படியில் மண்டபத் தூணில் படத்தைச் சாய்த்து வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கல்லையும் கல்லையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் தற்செயலாகத் திரும்பினார்.

"அப்பா!"

நான் எனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"ஏளா, இங்கன பாரு! அப்பா உக்காந்திருக்காகல்லா! குளிச்சு முடிச்சு, துண்டப் போத்திக்கிட்டு, எப்பவும் போலக் குத்தவச்சு உக்காந்திருக்காகல்லா!"

மகள் ஓடிவந்து படத்தின் முன்னால் மண்டியிட்டாள். "ஆமாண்ணே, அப்பாதான். அதே படி. அதே முதுகு."

"இங்க பாருங்க, அது கொ..." என்று நான் ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து, எந்தப் பாழாய்ப்போன மரத்திலிருந்து வந்ததோ, ஒரு காக்கை விருட்டென்று இறங்கி இலையில் வாயை வைத்தது.

அவ்வளவுதான். அத்தனை பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். காக்கையை இல்லை, என் படத்தை. புரோகிதர், "பாத்தேளா, வந்துட்டார்" என்று சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டினார். யாரோ ஒரு சாமந்திச் சரத்தைக் கான்வாஸின் மூலையில் மாட்டிவிட்டார்கள். நான் வாயில் பாதி கொக்கோடு நின்றேன்.

விலாசம் கேட்டார்கள். கொடுத்தேன், வேறு என்ன செய்ய? வீட்டுக்கு வந்ததும் என் மனைவி மாலையைப் பார்த்துவிட்டு, "யாரு செத்தா?" என்றாள்.

"கொக்கு" என்றேன். எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு வேறு பதில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தங்கையும் மாடியறைக்கு வந்தார்கள். அவர்களுடைய அப்பா பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். ஐம்பது வருடமாக ஒரு நாள் தவறாமல் விடிகாலையில் அந்தப் படித்துறையில்தான் குளிப்பாராம். படத்தை எப்படியாவது கொடுங்கள் என்றார்கள். நான் பொறுமையாக, என் சுபாவத்துக்கு மிஞ்சின பொறுமையாக, பிரஷ்ஷின் பின்கட்டையால் தொட்டுக் காட்டினேன்.

"அண்ணாச்சி, இது கொக்கு. இந்தா பாருங்க, அலகு."

மகன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தார். "அப்பா மூக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார்.

"ஆபீஸ்ல எல்லாரும் கேலி செய்வாகளாம்" என்றாள் மகள்.

அவர்கள் கையோடு அப்பாவின் வாக்காளர் அட்டையைக் கொண்டுவந்திருந்தார்கள். பார்த்தேன். நியாயமாகச் சொல்ல வேண்டும், மூக்கு அப்படித்தான் இருந்தது.

"சரி, ஒங்க அப்பாவ அதே படியில வச்சு வேற படம் போட்டுத் தாரேன். நல்லா, கண்ணு மூக்கு எல்லாம் தெரியுற மாதிரி."

"அது படம், அண்ணாச்சி" என்றார் மகன், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "இதுல அவுக தானா வந்து உக்காந்திருக்காக. நீங்க யாருன்னே அவுகளுக்குத் தெரியாது. ஒங்களுக்கும் அவுகளத் தெரியாது. பெறவு எப்படி வந்தாக?"

இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவன் யாராவது இருந்தால் சொல்லட்டும். நான் வாயை மூடிக்கொண்டேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மகள் அடுத்ததற்குப் போனாள். "ஒரே ஒரு திருத்தம். அப்பா துண்ட வலது தோள்லதான் போடுவாக. இதுல எடது பக்கமால்ல கெடக்கு."

"எடது பக்கந்தான் போடுவாக" என்றார் மகன்.

"எனக்குத் தெரியாதா? வலதுதான்."

"அது துண்டு இல்லம்மா, றெக்கை!" என்று கத்தினேன்.

"றெக்கையோ துண்டோ, வலது பக்கம் மாத்திருங்க" என்றாள் அவள். மகனுக்குக் கண்ணாடியும் வேண்டும். கண்ணாடி இல்லாமல் அப்பாவுக்குப் படி தெரியாதாம், வழுக்கிவிடுவாராம். நெற்றியில் திருநீறு வேண்டும், மூன்று விரல் பட்டை. தானாக வந்தவருக்கு எதற்கய்யா இவ்வளவு திருத்தம் என்று கேட்டேன். அவசரத்தில் வந்திருப்பார் என்றார்கள்.

காபி கொண்டுவந்த என் மனைவி படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர்கள் போனதும், "நீயாவது சொல்லு, இது என்ன?" என்று கேட்டேன்.

"எனக்கும் மொதல்ல பாத்தப்ப மனுசன்னுதான் தோணுச்சு."

"அடிப்பாவி! ஆறு மாசமா ஏன் சொல்லல?"

"நீங்க கைதட்டிக்கிட்டு இருந்தீங்க. எதுக்கு அதக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

அண்ணனும் தங்கையும் விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வருவார்கள். வரும்போது அல்வா வாங்கி வருவார்கள், அதை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் படத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருவார்கள். "இன்னைக்கு அப்பா கொஞ்சம் தெளிச்சியா இருக்காக" என்பார் மகன். மூன்றாவது ஞாயிறு அவர் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அப்பா ஆற்றுக்குப் போகணும் என்றாராம், இவர் நாளைக்குப் போவோம் என்றாராம். பெயின்ட் படாத துணி ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். இருந்தாலும் படத்தைக் கொடுக்க மாட்டேன் என்றுதான் இருந்தேன். மூன்று வருடத்துக் கொக்கு! சென்னைக்குப் போய்ப் பெயர் வாங்க வேண்டிய கொக்கு!

சென்னைக்குப் படத்தின் போட்டோவை அனுப்பினேன். மறுநாளே கண்காட்சி நடத்துகிற அம்மாள் போன் செய்தார். "ரொம்ப நல்லாருக்கு சார். அந்தத் தண்ணி, அந்தக் கல்லு, பிரமாதம். படிக்கட்டுல உக்காந்திருக்கிற அந்தப் பெரியவரப் பார்த்தா எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆனா நம்ம கண்காட்சி பறவைகளுக்கு மட்டும்தானே? பறவை இருக்கிற மாதிரி ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"இல்லைம்மா, என்கிட்ட அருவிதான் இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. ஊரே சேர்ந்து மனுசன் மனுசன் என்றால் மனுசனாகவே இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு என்ன வந்தது! மகனுக்குப் போன் போட்டு, "வாக்காளர் அட்டையக் குடுத்துவிடும். ஒம்ம அப்பாவ ஒழுங்காவே போட்டுத் தாரேன். நாளன்னைக்குச் சாயங்காலம் வந்து எடுத்துக்கிடும்" என்றேன். அந்த மனிதர் போனிலேயே அழுதார்.

காய்ந்து இறுகிப்போயிருந்த கொக்கின் மேலேயே பூசினேன். அலகைச் சுருக்கி மூக்காக்கினேன், அதிகம் சுருக்க வேண்டியிருக்கவில்லை. கழுத்தை வெளியே இழுத்தேன். இறக்கையை மூடித் துண்டு போட்டேன். எந்தப் பக்கம் என்ற சண்டை வேண்டாம் என்று இரண்டு தோளையும் சுற்றிப் போர்த்திவிட்டேன். கண்ணாடி, திருநீறு. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. மூன்று வருடம் கொக்குக்கு, ஒரு மணி நேரம் மனுசனுக்கு. எழவு, ரொம்ப நன்றாகவும் வந்திருந்தது. அருவிக்குக் கீழே மான் போடுகிற அதே கைதானே. அன்று நான் சாப்பிடவில்லை.

அவர்கள் வருவதாகச் சொன்ன நாள் காலையில், கீழே வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டது. எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு அம்மாள் இறங்கி, வாசலுக்கு வெளியிலேயே நின்றார். நெற்றியில் ஒன்றும் இல்லை. பதினாறு கழிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதனால்தான் பிறத்தியார் வீட்டுப் படியேறத் தயங்குகிறார் என்று புரிந்தது. என் மனைவி போய், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தாள். மெதுவாக மாடியேறி வந்தார்.

"நான் வந்தது பிள்ளைகளுக்குத் தெரியாது, தம்பி. அன்னைக்கு எம் மக போன்ல படத்தக் காட்டுனா. ஒரு தடவ நேர்ல பாத்துட்டுப் போயிருவோம்னு வந்தேன்."

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கணவரை இவ்வளவு தத்ரூபமாகப் பார்த்து அழப்போகிறார், என் மனைவியிடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லலாமா என்று யோசித்தபடி துணியை விலக்கினேன். அந்த அம்மாள் பார்த்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"இதுல ஒரு கொக்கு இருந்துச்சே தம்பி, அத எங்க?"

எனக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "என்னம்மா சொன்னீங்க?"

"கொக்குல்லா இருந்துச்சு. குருட்டுக் கொக்கு. கழுத்த உள்ள இழுத்துக்கிட்டு, ரொம்ப அழகா."

கண்டக்டர், பொறியாளர், கணக்கு டீச்சர், புரோகிதர், சென்னை அம்மாள், நான் தாலி கட்டினவள், இத்தனை பேரில் ஒரு ஆளுக்கும் தெரியாதது இந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது. "ஆமாம்மா, கொக்கு! கொக்குதாம்மா!" என்று கத்தினேன். அந்த இடத்தில் சிரிக்கக் கூடாது என்று தெரிந்தும் சிரித்தேன். அப்புறம்தான் அதை என் கையாலேயே மூடிவிட்டேன் என்பது ஞாபகம் வந்து, சிரிப்பு நின்றுபோனது.

"ஒங்க பிள்ளைகதான் அப்பா அப்பான்னு..."

"அதுக அழுதுக்கிட்டு இருந்துச்சுக. கொக்குன்னு சொல்ல எனக்கு மனசு வரல." அந்த அம்மாள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காலையில அவுக ஆத்துக்குப் போனா, திரும்பி வாரது வரைக்கும் நான் காப்பித் தண்ணியச் சுட வச்சுக்கிட்டு இருப்பேன். அம்பது வருசமா அதுதான் பழக்கம். இப்பவும் கை அதுபாட்டுக்குச் சுட வைக்குது. இந்தப் படம் வீட்டுக்கு வந்து, அவுக இப்படிப் படித்துறையிலேயே உக்காந்திருந்தாகன்னா, எப்ப தம்பி வீட்டுக்கு வருவாக?"

என் மனைவி கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"கொக்கு மட்டும் இருந்துச்சுன்னா, அவுக குளிச்சிட்டுக் கெளம்பிட்டாகன்னு வச்சுக்கிடுவேன். ஆளு போன பெறகுதான கொக்கு வந்து உக்காரும்."

"சாயங்காலம் ஒங்க மகன் வந்து கேப்பாரேம்மா?"

"அதுகளுக்கு என்ன, கொக்குலயே அப்பாவப் பாத்த பிள்ளைக. கொக்கையே குடுங்க, அதுலயும் அப்பாவத்தான் பாக்கும்."

மேல்பூச்சு இரண்டே நாள் ஆனது, ஈரம் போகவில்லை. அடியில் இருக்கும் கொக்கு மாதக்கணக்கில் காய்ந்தது, அதற்கு ஒன்றும் ஆகாது. பழைய வேட்டித் துணியை டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்தேன். கீழே போய் இருங்கள், முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று அந்த அம்மாளிடம் சொன்னேன். போகவில்லை. நாற்காலியை இழுத்துப் படத்துக்கு நேரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலில் கண்ணாடி போனது. அப்புறம் திருநீறு, நெற்றி. மூக்குக்குக் கீழேயிருந்து என் பின்கட்டைக் கீறல் எட்டிப் பார்த்தது. துண்டைத் துடைக்கத் துடைக்க இறக்கையின் கோடுகள் ஒவ்வொன்றாக வந்தன. எனக்கு ஆசை தாங்கவில்லை, கொஞ்சம் வேகமாகவே தேய்க்க ஆரம்பித்தேன். கழுத்துக்கு வந்தபோது அந்த அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து, என் கையைத் தொடாமல், கைக்குப் பக்கத்தில் தன் கையை நீட்டினார்.

"அங்கன மட்டும் பையத் தொடைங்க தம்பி. அவுகளுக்குக் கழுத்துல கூச்சம்."

துணியை மடித்து மெல்லிசான பக்கமாகத் திருப்பிக்கொண்டு, பையத் துடைத்தேன்.